பதில் பொத்தான்

கணவன் இறந்த பதினேழாம் நாள் அவள் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்களின் கணினிக் கோளாறுகளை வீட்டிலிருந்தபடியே சரிசெய்யும் வேலை. சாப்பாட்டு மேசை, மடிக்கணினி, காதில் ஹெட்போன். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல முடிந்தது. பசி, தூக்கம், அழுகை மூன்றும்தான் மரத்துப் போயிருந்தன.

முதல் அழைப்பு ஒரு காது பரிசோதனை நிலையத்திலிருந்து வந்தது. இணையம் வழியே அவர்கள் கணினிக்குள் நுழைந்தாள். நிலையத்தை நடத்தும் அம்மாள் போனில் இருந்தாள்.

“டெஸ்ட் மெஷினோட புது சாஃப்ட்வேரை மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன்மா. தொண்ணூத்தொம்பது பர்சென்ட் வரைக்கும் போகுது, அப்புறம் சண்டி மாடு மாதிரி நின்னுடுது.”

நான்காம் தடவை அவளே போட்டாள். தொண்ணூற்றொன்பதில் திரையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. கீழே ஒரே வரி: ‘நோயாளி பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார். கையை எடுக்கச் சொல்லவும்.’

“டெஸ்ட் ரூம்ல யாராவது இருக்காங்களா மேடம்? சத்தம் கேட்டா பட்டனை அழுத்துவாங்களே, அந்த ரூம்ல.”

“அது காலையிலேர்ந்து பூட்டித்தான் கிடக்கு.”

பொத்தான்தான் பழுது என்று நினைத்தாள். கம்பியைப் பிடுங்கச் சொன்னாள். ஒலி புகாத அந்த அறையின் கனத்த கதவு திறக்கும் ஓசை கேட்டது. பிறகு, பஞ்சுக்குள் புதைந்ததுபோல், காலடிச் சத்தமே இல்லை. அந்த அம்மாள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

“பிடுங்கியாச்சு. பட்டன் இப்ப என் மடியில இருக்கு.”

விளக்கு அணைந்தது.

பிறகு எரிந்தது.

அந்த அம்மாளின் குரல் தாழ்ந்தது. “போன மாசம் ஒரு பெரியவர் அங்க உக்காந்தபடியே போயிட்டார்மா. பட்டனை அழுத்துறது நின்னப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.”

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. விளக்கு அணையும்வரை பார்த்திருந்துவிட்டு, அறைக்குள் மெல்லிய ஒலி ஒன்றை அனுப்பினாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். எரிந்தது. எந்த மனிதக் காதுக்கும் எட்டாத அளவுக்குக் குறைத்தாள்.

எரிந்தது.

கணவன் கிடந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் சொல்லியிருந்தாள்: பேசிக்கிட்டே இருங்க, கேட்டா கையை அழுத்துவார். நான்கு நாள் பேசினாள். அந்தக் கை அசையவே இல்லை.

அறைக்குள் பேசும் மைக்கைத் திறந்தாள்.

“நான் பேசறது கேக்குதா? ஆமான்னா ஒரு தடவை அழுத்துங்க. இல்லேன்னா ரெண்டு தடவை.”

ஒரு தடவை.

“நீங்க அந்தப் பெரியவரா?”

ஒரு தடவை.

“வேணாம்மா,” அந்த அம்மாள் கிசுகிசுத்தாள். “விட்டுடு.”

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “அங்க தனியாவா இருக்கீங்க?”

விளக்கு எரிந்து அணைந்தது. அவள் காத்திருந்தாள்.

மறுபடி எரிந்தது.

போனில் ஓர் அலறல், நாற்காலி சாயும் சத்தம். அந்த அம்மாள் கணினியின் மின்கம்பியையே பிடுங்கியிருக்க வேண்டும். போன் தொடர்பும் அறுந்தது. ‘இணைப்பு இல்லை’ என்று திரை சாம்பல் பூத்தது. அதன் நடுவே பச்சை விளக்கு மட்டும் எரிந்தபடி நின்றது. உறைந்துபோன கடைசிப் படம். இந்த வேலையில் அவள் நூறு தடவை பார்த்ததுதான்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

“நீயா?” என்று கேட்டாள்.

விளக்கு அணைந்தது.

ஒரு தடவை எரிந்தது, அணைந்தது.

இரண்டாம் தடவை எரியவில்லை.