ஒரு நீளம், இரண்டு குட்டை

கார் சாவி பீரோவில் இருந்தது. பீரோ சாவி செல்வநாயகியின் இடுப்பில் இருந்தது. அப்படியிருந்தும் விளக்கு வைக்கிற நேரத்தில், கொட்டகைக்குள் நின்ற கார் ஹாரன் அடித்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. தொண்டையைக் கனைக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். ஆனால் அடுப்படியில் இருந்தவள் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். குழம்பு மணிக்கட்டில் வழிந்து சுட்ட பிறகுதான், ஹாரன் அடிக்க வேண்டிய ஆள் கோடையிலேயே செத்துப்போனது நினைவுக்கு வந்தது. தன் கால்களின் மேல் அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

அவளுக்கு முன்னாலேயே மகள் சண்முகப்ரியா இரும்பு கேட் அருகில் நின்றாள். தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள்.

"என்னடி பண்ற?"

"ஹாரன் கேட்டுச்சும்மா."

"யாரு வர்றா இப்ப?"

"பழக்கம்மா," என்றாள், கையை எடுக்காமல்.

ராஜமாணிக்கம் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹாரன் இருந்தது, போதாதா? நீளமாக ஒன்று அடித்தால் கேட்டைத் தள்ளித் திறக்க வேண்டும். குட்டையாக இரண்டு அடித்தால் மகள் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்து வர வேண்டும்; மனைவி தட்டு வைத்திருக்க வேண்டும். கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன மனிதருக்கு. தன் பீங்கான் பட்டறையில் ஃப்யூஸ் கட்டைகள் அடுக்கிய பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்குவார். வீட்டு வாசலில் மட்டும் இறங்கி ஒரு தாழ்ப்பாளை நீக்குவது கௌரவக் குறைச்சல். பட்டறையின் வெள்ளைக் களிமண் ஒட்டிய செருப்போடு கூடம்வரை வருவார். அந்தத் தடத்தைத் துடைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சமிருப்பதை அவள் சாப்பிட வேண்டும்.

அந்தக் கோடையில் ஒரு நாள் மத்தியானம் மட்டும் அவள் முந்திக்கொண்டாள். மகள் வீட்டில் இல்லை; பசி தாங்கவில்லை. தட்டில் சோறு போட்டு உட்கார்ந்த நேரத்தில் வாசலில் நீளமாக ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எழப்போனவள், என்ன தோன்றியதோ, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடிக்கட்டும். கை வலிக்கிறவரை அடிக்கட்டும். குழம்பு, ரசம், மோர் என்று முறையாகச் சாப்பிட்டு, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தாள். ராஜமாணிக்கத்தின் நெற்றி ஸ்டியரிங்கில் அழுந்திக் கிடந்தது.

ஊரே அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. அவளுக்குள் இருந்ததோ வேறு. அன்று சாப்பிட்ட சோறு அத்தனை ருசியாக இருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. காரியம் முடிந்த அன்று, அவருக்கென்றே பட்டறையில் செய்த நீலக்கரை போட்ட பெரிய பீங்கான் தட்டைத் துணி துவைக்கும் கல்லில் அடித்து உடைத்தாள். சில்லுகளைக் குப்பை வண்டியில் அவளே கொட்டினாள்.

இப்போது மிச்சமிருந்தது கார்தான். அதை விற்றால் சண்முகப்ரியாவைப் பாண்டியில் நர்சிங் காலேஜில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டுவிடலாம். இந்த வீட்டைவிட்டு, இந்தக் கேட்டைவிட்டுப் போய், எவன் ஹாரன் அடித்தாலும் எழுந்து ஓடாத ஒருத்தியாக இவள் ஆகிவிட்டால் போதும். செல்வநாயகி வேறு எதையும் கேட்கவில்லை. மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வண்டி பிடித்திருக்கிறது, நாளை மறுநாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். அதற்குள் இந்தச் சனியன் கனைக்க ஆரம்பித்திருந்தது.

மறுநாள் காலையில் ஜங்ஷன் ரோட்டு மெக்கானிக் மாயவன் வந்தான். வாயில் பாக்கு, கையில் டெஸ்டர். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"ஹாரன் தானா அடிக்கிறதுக்கு நாலஞ்சு காரணம் இருக்குதுக்கா," என்றான் பானட்டைத் தூக்கிக்கொண்டே. "ரிலே ஒட்டிக்கும். எலி ஒயரக் கடிச்சி பாடியில எர்த் ஆவும். மழ ஈரத்துல ஸ்டியரிங் சுச்சுல தண்ணி எறங்கும். எதுன்னு ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும்."

ரிலேயைப் பிடுங்கிப் புதிதாக ஒன்றைச் செருகினான். ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் எலி கடித்திருந்தது, டேப் சுற்றினான். "இதான்க்கா. முடிஞ்சிது," என்று பானட்டைச் சாத்தினான். சாத்திய கையோடு கார் கனைத்தது.

மாயவன் சிரித்தான். ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்ற டிரைவர் பக்கக் கதவைத் திறந்தவன், குனிந்து நின்றான்.

"வண்டிய யாருக்கா எடுத்தது?"

"யாரும் எடுக்கல தம்பி. சாவி எங்கிட்டதான் இருக்குது."

"கால் மிதியடி ஈரமா இருக்குது பாருங்க. வெள்ள மண்ணு வேற."

செல்வநாயகி எட்டிப் பார்த்தாள். பிரேக் மிதியின் மேலும் மிதியடியிலும் களிமண் அப்பியிருந்தது. பட்டறையைக் கோடையிலேயே பூட்டியாயிற்று. தொட்டியில் இருந்த களி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை அவளே போய்ப் பார்த்திருக்கிறாள். இது இப்போதுதான் தொட்டியில் இருந்து எடுத்த மாதிரி கொழகொழவென்று இருந்தது. அந்தப் புளித்த மண் வாசனையும், அதற்கு அடியில் அவருடைய தலையெண்ணெய் வாசனையும் கதவு வழியாக வந்தன. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டியரிங் சுவிட்சில் ஈரம் இல்லை. ஃப்யூஸைப் பிடுங்கினான், கனைத்தது. பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றிப் போட்டான். சற்று நேரம் கழித்து, யோசித்துவிட்டு அடிப்பது போல, மறுபடி கனைத்தது. மாயவன் பாக்கைத் துப்பினான். இப்போது சிரிக்கவில்லை.

"பேட்டரி இல்லாம எப்பிடிக்கா..." என்று இழுத்தவன், பம்பருக்குப் பின்னால் கையை விட்டு, போல்ட்டைக் கழற்றி, ஒயர்களை வெட்டி, வட்டமான கறுப்பு ஹாரனையே வெளியே எடுத்து அவள் கையில் வைத்தான். "இத உள்ள கொண்டு போயி வச்சிக்கங்க. நாளைக்கு வண்டி வாங்கறவரு வர்றப்ப வேற ஹாரன் மாட்டி, பேட்டரியும் குடுத்துத் தரேன். எதுக்கும் கொளஞ்சியப்பர் கோயில்ல சீட்டுல புகார எழுதி ஒரு பிராது கட்டிட்டு வாங்கக்கா."

"யாரு மேல தம்பி கட்டறது?"

மாயவன் கூலியைக்கூட வாங்காமல் தன் பைக்கை உதைத்துக்கொண்டு போனான்.

ஹாரனை அவள் அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெட்டுப்பட்ட இரண்டு ஒயரும் மீசை போல நீட்டிக்கொண்டிருந்தன. பகல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

சாயங்காலம் மழை வலுத்தது. கரண்ட் போனது. ஓட்டின் மேல் விழுகிற மழை, சாக்கடையில் இறங்குகிற தண்ணீர், கொட்டகைத் தகரம் காற்றில் எழுந்து அடங்குகிற ஓசை என்று எல்லாம் ஒன்றாகிக் காதை அடைக்க, மெழுகுவர்த்தியின் ஆட்டத்தில் அலமாரிச் சாமான்களின் நிழல்கள் சுவரில் பெரிதாகிச் சின்னதாகிக்கொண்டிருந்தன. செல்வநாயகி நேரத்தோடு இரண்டு தட்டு வைத்து, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுப் படுத்துவிட வேண்டும். விடிந்தால் வண்டி போய்விடும்.

முதல் உருண்டையை வாயில் வைத்தபோது கேட்டது.

நீளமாக. கொட்டகையிலிருந்து இல்லை. கேட்டுக்கு வெளியே, தெருவிலிருந்து.

சண்முகப்ரியாவின் உடம்பு எழுந்தது. அவள் முகத்தில் பயம்கூட இல்லை. அதுதான் செல்வநாயகிக்குத் தாங்கவில்லை. மகளின் மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தாள்.

"போவாத. சாப்புடு."

"அப்பா திட்டுவாரும்மா."

"அவரு செத்துட்டாரு. சாப்புடுடி."

ஹாரன் நிற்கவில்லை. அன்று அடித்த அதே அடி. ஒரே மூச்சு. அவளுடைய முழங்கால்களும் துடித்தன. எழு, எழு என்று துடித்தன. எழமாட்டேன். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்தாள், அவர் முடிந்தார். இன்றைக்கும் முடித்துவிட்டால் போதும். அது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த வழி. குழம்புச் சோற்றை மென்றாள். தண்ணீர் குடிக்காமல் விழுங்கினாள். ரசம். மகளின் மணிக்கட்டை விடாமல், ஒற்றைக் கையாலேயே தனக்கு ஊற்றி வைத்த கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டாள். பாதி மடியில் கொட்டியது. கொட்டட்டும். ஹாரன். மென்றாள். ஹாரன். விழுங்கினாள்.

மோர் மட்டும் பாக்கி. மோர்ச் சட்டி கனம். வலது கை எச்சில். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், எச்சில் கையால் சட்டியைத் தொட வராது. இடது கை வேண்டியிருந்தது.

ஊற்றினாள். பிசைந்தாள். வாயில் வைத்தாள்.

ஹாரன் நின்றது.

மழைச் சத்தம் மட்டும். செல்வநாயகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பாத்தியா? அவ்ளோதான். போயிட்டாரு," என்று திரும்பினாள்.

மகளின் தட்டு இருந்தது. சோறு அப்படியே இருந்தது.

வாசலில் கேட் தண்டவாளத்தில் உருண்டது.

எச்சில் கையோடு நிலைப்படிவரை போனாள். அதற்கு மேல் போக முடியவில்லை. கேட் முழுசாகத் திறந்திருந்தது. சண்முகப்ரியா அதன் ஓரமாக, தலை குனிந்து, வழிவிட்டு நின்றாள். மழையில் நனைந்தாள். உள்ளே எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு கார் அகலத்துக்கு மழை தரையில் விழவில்லை. அந்த இடம் மெல்ல நகர்ந்து கொட்டகைக்குள் போனது.

இரண்டு குட்டை.

இது வெளியிலிருந்து இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.

சண்முகப்ரியா ஓடினாள். கொட்டகையில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் திரும்பி வந்தாள். இரண்டு கையையும் மடக்கி, கனமான ஒன்றைச் சுமக்கிறவளாக, தலை நிமிராமல், மெதுவாக. அவளுக்கு முன்னால் நடையில் ஒரு வெள்ளைத் தடம் விழுந்தது. இன்னொன்று. படியில் ஒன்று. செல்வநாயகியின் பக்கத்தில் ஒன்று. தலையெண்ணெய் வாசனை அவளை உரசிக்கொண்டு போனது.

கூடத்தில் நாற்காலி இழுபட்டது.

"அம்மா," என்றாள் மகள், நாற்காலிக்குப் பின்னால் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டு. "தட்டு வையிம்மா. அப்பா உக்காந்துட்டாரு."

மாட்டேன் என்று சொல்லத்தான் செல்வநாயகி வாயைத் திறந்தாள். கால்கள் அதற்குள் அலமாரிக்குப் போயிருந்தன. அவளுடைய மோர்ச்சோற்றை அவள் கையே ஒரு மூலைக்குத் தள்ளி வைத்திருந்தது. குனிந்து பார்த்தபோது, நீலக்கரை போட்ட பெரிய பீங்கான் தட்டை, ஒரு கீறல்கூட இல்லாமல், முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.