அரைமணிக்கு ஒருமுறை ஒப்புக்கொண்டவர்

தையற்கடைக்கு மேலே இருந்த துப்பறிவாளரின் சின்ன அறைக்கு வருகிறவர்கள் மாடிப்படி ஏறிய களைப்பில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் தங்கள் கதையைத் தொடங்குவார்கள். அன்று காலை வந்த பெண் கதவைத் திறக்கும்போதே பாதிக் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். அதனாலேயே மச்சானுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

மச்சான் என்பவன் துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. அக்காள் வீட்டில் சாப்பாடு, அத்தான் அறையில் வேலை என்று ஒட்டிக்கொண்டவன். அத்தானைத் தெருவில் எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். மச்சான் வேறு ரகம். முதலில் ஓடிவிட்டு, எந்த வீடு எரிகிறது என்று பிறகு கேட்பான்.

வந்தவள் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருப்பவள். அங்கே தேர்வு எழுத வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் கேள்விகளைப் படித்துப் பார்ப்பதற்காக இலவச வைஃபை உண்டு. சில வாரங்களாக அது ஆமை வேகத்தில் நகர்கிறது. கேள்விப் பக்கமே திறப்பதில்லை. படிக்காமல் உள்ளே போகிறவர்கள் தோற்றுவிட்டு வந்து அவள் மேசையில்தான் கத்துகிறார்கள். கணினி அதிகாரி தோண்டிப் பார்த்ததில், ஒரே ஒரு ஆசாமி நாள் முழுக்கப் படம் பார்த்து மொத்த வைஃபையையும் விழுங்குவது தெரிந்தது. அவன் வைத்திருப்பது பல நாள் செல்லுபடியாகும் வைஃபை பாஸ். வேலை நிமித்தம் வரும் வெளியாட்களுக்கு மட்டும் கொடுக்கும் அந்தப் பாஸ் அவள் மேசையிலிருந்துதான் போயிருக்க முடியும்.

தன் சொந்தக்காரன் எவனுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று மேலதிகாரி முடிவு கட்டிவிட்டார். இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் ஆள் அகப்படாவிட்டால் அவளுக்கு எல்லைக் கிளைக்கு மாற்றல். கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிடச் சாலையில் இருப்பதுதான் அதிகம். குழந்தை அலுவலகத்துக்குப் பக்கத்துக் காப்பகத்தில் இருக்கிறது. எல்லைக் கிளைக்குப் போனால் வேலையை விட வேண்டும், அல்லது குழந்தையை யாரிடமாவது விட வேண்டும்.

“வேலைன்னு வந்தவங்களுக்குத்தான் சார் குடுத்தேன். அதுதான் விதி. விதிப்படி நடந்ததுக்கு எனக்குத் தண்டனையா?” என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

நிதானம் அவளைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு, இந்தத் தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். புது மேலதிகாரி வந்த பிறகுதான் என்றாள் அவள். வந்த கையோடு அவர் அலுவலகத்தையே புரட்டிப் போட்டிருந்தார். தச்சர் வந்து நாற்காலிகளை மாற்றினார். குழாய்க்காரர், தோட்டக்காரர், டிவி மாட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர் என்று ஆள்மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பாஸ் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதிவைக்க முன்பு ஒரு நோட்டு இருந்தது. ‘இனிமேல் காகிதமே கூடாது’ என்று மேலதிகாரி உத்தரவு போட்டு, அதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று.

“மேலதிகாரியேதான்!” என்றான் மச்சான். “தன் தப்பை மறைக்க இந்த அக்கா தலையில கட்டறார். விஷயம் முடிஞ்சுது அத்தான்.”

நிதானம் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அலுவலகக் கூடம் புதுப் பெயின்ட் வாசனையோடு பளிச்சென்று இருந்தது. வரவேற்பு மேசைக்கு எதிர்ச்சுவரில், ஒரு கதவை எடுத்துச் சாய்த்த அளவுக்குப் பெரிய டிவி. அதில் மேலதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்று வைஃபை விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் மலை, அருவி, பறவைக் கூட்டம். அருவியின் ஒவ்வொரு துளியும் தெரிகிற துல்லியம். காகிதம் ஒழிந்த பிறகு விதிகள் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தன.

மச்சான் சந்தேகத்துக்குரியவர்களைப் பார்க்கத் துடித்தான். நிதானமோ டிவிக்கு எதிரே போய் உட்கார்ந்து, ஏதோ குடும்பப் படம் பார்ப்பதுபோல் விதிகளை முதலிலிருந்து கேட்டார். வைஃபை பொதுமக்களுக்கு மட்டுமே. அலுவலக வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. படம் பார்க்கக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை இணைப்பு நின்று விதிகள் திரையில் தோன்றும். அவற்றைப் படித்து ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினால்தான் மறுபடி வேலை செய்யும். ஒருவரே நாள் முழுக்கப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த விதிக்கு வாயைத் திறந்த மேலதிகாரி திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் இருந்த காவலாளி அலுத்துக்கொண்டே வந்து, ரிமோட்டை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். மேலதிகாரி வாயை மூடித் திறந்து பேச ஆரம்பித்தார்.

“அடிக்கடி மயங்கி விழுந்துடுதுங்க. நான்தான் தெளிய வைக்கிறேன்,” என்று சொல்லிவிட்டுக் காவலாளி வாசலுக்குத் திரும்பினார். நிதானம் அவருக்கு நன்றி சொன்னார். மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது.

கணினி அதிகாரி மெலிந்த இளைஞர். தன் திரையைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்க்காதவர். அந்த ஆசாமியின் நடவடிக்கைகளை அவர் ஒருவிதப் பிரமிப்போடு விவரித்தார். ஆசாமி எதையும் தேடுவதில்லை, எழுதுவதில்லை. ஒரே இடத்திலிருந்து ஒரே படம் வந்து இறங்கியபடியே இருக்கிறது. அரைமணிக்கு ஒருமுறை இணைப்பு நிற்கும். சற்று நேரத்தில் ஒப்புக்கொண்டுவிடுவான். அலுவலகம் திறக்கும்போது வருவான், மூடும்போது போவான். சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் சத்தமே இருக்காது.

அது என்ன கருவி என்று தெரியாதா, இணைப்பைத் துண்டிக்க முடியாதா என்று மச்சான் மடக்கினான். ஒரு எண்தான் தெரியும் என்றார் அதிகாரி. துண்டித்தால் திருடன் உஷாராகிவிடுவான், கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு.

“ஒருநாளாவது லீவு போட்டிருக்கானா?” என்றார் நிதானம்.

ஒரே ஒரு நாள், கூடத்துக்குப் பெயின்ட் அடித்த அன்று. சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு, நாற்காலிகளைப் பின்முற்றத்தில் போட்டு அலுவலகத்தை அங்கே நடத்தினார்கள். அன்று ஒருவர்கூட விடுப்பு இல்லை. வைஃபையும் சிட்டாகப் பறந்ததாம்.

அதற்குப் பிறகு மச்சான் சும்மா இருக்கவில்லை. காதில் எப்போதும் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கும் கணக்கர் மீது பாய்ந்தான். அவர் காதில் இருந்தது காது கேட்கும் கருவி என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தான். அடுத்து, மாணவர்களோடு தினமும் வந்து கூடத்திலேயே பழியாய்க் கிடக்கும் ஓட்டுநர் பயிற்சியாளர். அவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஓடிப்போய்ப் பிடுங்கினான். அது பொத்தான் வைத்த பழங்காலப் போன். அவர் தேடியது சிக்னலை. படம் பார்ப்பதற்கு அதில் கண்ணாடிகூட ஒழுங்காக இல்லை.

இடைவேளை மணி அடித்தது. மேலதிகாரியின் சிக்கன உத்தரவுப்படி காவலாளி கூடத்தில் விளக்கு, மின்விசிறி, டிவி எல்லாவற்றையும் அணைத்தார். காத்திருந்தவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒரு கையில் சோறு, மறுகையில் போன்.

“பாருங்க அத்தான், திருடனும் சாப்பிடப் போயிட்டான்,” என்றான் மச்சான்.

“நீ சாப்பிடும்போது போனைக் கீழ வைப்பியா மாப்பிள்ளை?”

“அதெப்படி? அப்பதானே நிம்மதியா படம் பார்க்க முடியும்?”

“எல்லாரும் படம் பார்க்கிற அந்த நேரத்துல மட்டும் பார்க்காம இருக்கிறவர் எப்படிப்பட்டவர்னு யோசி,” என்றார் நிதானம். தன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். வரவேற்பு மேசைக்காரி தன் பொட்டலத்தைத் தொடாமல் காப்பகத்துக்குப் போய், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சன்னல் ஓரம் நிற்பது மச்சான் கண்ணில் பட்டது. முதல்முறையாக அவனுக்குத் தன் அவசரத்தின்மீதே கோபம் வந்தது.

மாலையில், அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்னால், நிதானம் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். கணக்கர், பயிற்சியாளர், காவலாளி எல்லோரும் வந்தார்கள். கணினி அதிகாரி மடிக்கணினியோடு வந்தார். கையெழுத்துக்குத் தயாராக இருந்த மாற்றல் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு மேலதிகாரி வந்தார். காகிதத்தை ஒழித்தவர் அந்த ஒரு காகிதத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். இன்னும் தேர்வு முடியாத சிலர் போனைத் தட்டிப் பார்த்துச் சலித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் இன்னொரு மேலதிகாரி அருவிக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“திருடன் இந்தக் கூடத்துலதான் இருக்கார்,” என்று நிதானம் தொடங்கியதும் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் மச்சானை மட்டும் முறைத்தார்.

பெயின்ட் அடித்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் நிதானம். ஆட்கள் அத்தனை பேரும் முற்றத்தில் இருந்தார்கள், வைஃபையும் இருந்தது, திருட்டு மட்டும் இல்லை. ஆகவே திருடன் ஆட்களில் ஒருவர் இல்லை. அன்று இங்கிருந்து எதைக் கழற்றினார்கள் என்றுதான் கேட்க வேண்டும். அடுத்தது இடைவேளை. மனிதர்கள் போனை எடுக்கிற நேரத்தில் இவர் ஓய்வெடுக்கிறார், இவரைத்தான் அணைத்துவிடுகிறார்களே. எதையும் தேடாமல், எழுதாமல், ஒரே படத்தைத் தினமும் சலிக்காமல் பார்க்க மனிதனால் ஆகாது.

“ஆனா அரைமணிக்கு ஒருதரம் ஒப்புக்கொள்றது யாரு? அதுக்கு விரல் வேணுமே,” என்றார் கணினி அதிகாரி.

நிதானம் காவலாளி பக்கம் திரும்பினார். “ஐயா, டிவி மயங்கும்போது திரையில ஏதாவது தெரியுமா?”

“பொடிப் பொடியா என்னமோ எழுத்து வரும். அடியில ஒரு கட்டம் மினுக்கும். நான் நடுப் பொத்தானை அமுக்குவேன், சரியாயிடும்,” என்றார் காவலாளி. சொல்லி முடித்ததும் அவருக்கே ஏதோ புரிந்து, ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மச்சான் அதற்குள் சுவர் ஸ்விட்ச்சை நோக்கி ஓடியிருந்தான். இந்த முறை சரியான வீட்டுக்குத்தான் ஓடினான். நிதானம் தலையசைத்ததும் அணைத்தான். அருவியோடும் மலையோடும் மேலதிகாரி மறைந்தார்.

“அந்த ஆசாமியோட இணைப்பு விழுந்துடுச்சு சார்,” என்றார் கணினி அதிகாரி, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மொத்தமா நின்னுபோச்சு.” மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், தன் போனில் கேள்விப் பக்கம் திறந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கத்தானே வேண்டும்.

மீதியை நிதானம் சுருக்கமாகச் சொன்னார். அலுவலகத்துக்கென்று இருக்கும் தனி இணைப்பில் படம் ஓடாது, அது பாதுகாப்பு ஏற்பாடு. ஆகவே டிவி மாட்ட வந்தவர் வரவேற்பு மேசையில் பாஸ் கேட்டார். வேலைக்கு வந்த வெளியாள் என்பதால் அவள் விதிப்படி கொடுத்தாள். அவர் அதை டிவியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ‘அலுவலக வேலைக்குக் கூடாது, படம் கூடாது, நாள் முழுக்கப் பிடித்துவைக்கக் கூடாது’ என்று சொல்வதற்காக, அந்த விதிகள் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு டிவி தினமும் ஓடியது.

“வேலியே பயிரை மேஞ்சிருக்குங்க. பழி மட்டும் இந்தம்மா மேல,” என்றார்.

கூடத்தில் யாரும் சிரிக்கத் துணியவில்லை. மேலதிகாரியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அணைந்த திரையில் தெரிந்த தன் நிழலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரவேற்பு மேசைக்கு வந்து நின்றார். நான் ஒரு வார்த்தை சரியாக விசாரித்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்று அவளிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கையில் இருந்த மாற்றல் உத்தரவை என்ன செய்வது என்று மேலதிகாரி விழித்தார். கிழிக்க மனம் வரவில்லை போலும். எடுத்த முடிவிலிருந்து பின்வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். பேனாவைக் கேட்டு வாங்கி, அவள் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை அவளிடமே நீட்டினார். அவள் படித்துப் பார்த்தாள். காலையிலிருந்து அழுத முகம் முதல்முறையாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து மேலதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே எல்லைக் கிளைக்குப் போக வேண்டும் என்று டிவிக்கு உத்தரவாகியிருந்தது. அங்கே வைஃபை கிடையாது.

மச்சான் அத்தானிடம் எதையோ கேட்கத் திரும்பினான். அதற்குள் வரவேற்பு மேசை காலியாகிவிட்டது. அவள் படியிறங்கி, குழந்தை இருக்கும் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.