கீச்சுவுக்கு மூன்று கடிதங்கள்

வியாழக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தபோது, மெய்ப்புக்காரர் அன்றைய செய்தித்தாளின் நான்காவது பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு போலி உயிலை, ஒற்று மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்ததை வைத்தே பிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து, போலீசுக்குப் போகத் தயங்குகிறவர்கள் எல்லாம் அவர் வாசலுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

கதவைத் திறந்தது மச்சினி, அதாவது அவர் மனைவியின் தங்கை. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் மதியத்துக்கு மேல்தான் அவளுக்கு வேலை. காலையில் மாமாவுக்குத் துப்பறிய உதவுகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிடுவாள். உதவி பெரும்பாலும் பேச்சுதான். அப்படிப்பட்டவள், வாசலில் நின்றவளைப் பார்த்ததும் வாயடைத்துப் போனாள்.

"மாமா," என்றாள் ஒருவழியாக. "கீச்சு வந்திருக்காங்க."

மெய்ப்புக்காரருக்கு அந்தப் பெயர் தெரியும். தெரியாமல் தப்பிக்க மச்சினி விட்டால்தானே! ஊர் எல்லையில் ஒரு கார் ரிப்பேர் ஷெட். ஞாயிறு அதற்கு விடுமுறை. மாலை நான்கு மணிக்கு அங்கே ராக் கச்சேரி நடக்கும். மேக்கப், வண்ண விளக்கு ஒன்றும் கிடையாது. காது கிழிகிற கரடுமுரடான ராக். கீச்சு பாடுவாள். அவளுடைய அக்கா டிரம்ஸ் அடிப்பாள். ஷெட்டின் சொந்தக்காரரான மெக்கானிக் கிட்டார் வாசிப்பார். சின்ன வயதில் குரல் கீச்சென்று இருந்ததால் அக்கா வைத்த பெயர்தான் கீச்சு. இப்போது அந்தக் குரலுக்குத் தகரக் கூரை அதிர்கிறது. ஆறு வருடமாக அதே நூறு, நூற்றைம்பது முகங்கள், மழையானாலும் வெயிலானாலும் வந்துவிடுவார்கள். மச்சினி முன்வரிசை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், திங்கட்கிழமைகளில் நோயாளிகளைச் சைகையால்தான் கூப்பிடுவாள்.

கீச்சு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துண்டு. இஸ்திரி போட்ட மடிப்பு இன்னும் கலையாதது. பேசப் பேச அதைக் கயிறாக முறுக்கினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகக் கச்சேரி முடிந்து மைக்கை அதன் பெட்டியில் வைக்கப் போகும்போது, உள்ளே ஒரு கடிதம் கிடந்ததாம். பெட்டி ஷெட்டில் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் போடலாம். மூன்றும் கணினியில் அச்சடித்தவை. மெய்ப்புக்காரர் அவற்றை வரிசையாக மேசைமேல் வைத்தார்.

முதலாவது: "பாடியது போதும். நிறுத்து."

இரண்டாவது: "நீ பாடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்றாவது பாட்டு வந்தால் உன் இடது கை முதுகுக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கசக்குகிறது. யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறாய்."

மூன்றாவது: "'திரும்பு, திரும்பு, என் நெஞ்சே திரும்பு' என்று நீயே பாடுகிறாய். நீயே திரும்பிவிடு. வரும் ஞாயிற்றுக்கிழமை பாடினால் அதுவே உன் கடைசிப் பாட்டு."

"என் பாட்டையே மாத்தி நக்கல் வேற," என்றாள் கீச்சு. குரல் கரகரத்தது. "நான் எழுதினது 'இரும்பு, இரும்பு, என் நெஞ்சே இரும்பு'."

மச்சினி அவளையே பார்த்தாள். "அது 'திரும்பு' இல்லையா? நாங்க எல்லாரும் நாலு மாசமா 'திரும்பு'ன்னுதான் பாடறோம்."

கீச்சு நம்பவே இல்லை. பாடும்போது அவள் காலடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அவள் குரலையே அவள் முகத்தில் அடிக்கும். கூட்டம் பாடுகிறது என்று தெரியும், என்ன பாடுகிறது என்று அவளுக்குக் கேட்டதே இல்லை. மச்சினி உடனே சிலிர்த்துக்கொண்டாள். குழுவில் இருக்கிறவர்களுக்குச் சரியான வார்த்தை தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது, ஆகவே எழுதியது கூட்டத்தில் ஒருவர் என்று மூச்சுவிடாமல் நிரூபித்தாள். நிரூபித்த பிறகுதான், தானும் அந்தக் கூட்டம் என்பது அவளுக்கு உறைத்தது.

கீச்சுவின் முகம் வெளிறிவிட்டது. "மிரட்டலுக்கு நான் பயப்படல ஐயா. அடிக்கட்டும், கொல்லட்டும். ஆனா போன வாரம் பாடும்போது ஒவ்வொரு முகமா பார்த்தேன். நீயா, நீயான்னு மனசு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்குன்னு இருக்கறது அவங்க மட்டும்தான். அவங்களைப் பார்த்து பயந்துட்டா அப்புறம் நான் யாருக்குப் பாடறது? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆளைச் சொல்லுங்க. இல்லைன்னா நான் மைக்கைத் தொட மாட்டேன், இனி எப்பவுமே."

மெய்ப்புக்காரர் இரண்டே கேள்விகள் கேட்டார். அந்தப் பாட்டின் வரிகளை எழுத்தில் பார்த்தவர்கள் யார்? மெட்டுப் போடுவதற்காக மெக்கானிக் மட்டும் நோட்டைப் பார்த்தார் என்றாள். பயிற்சியின்போது அவள் வார்த்தைகளைப் பாடுவதில்லை. வாத்தியம் மட்டும்தான் ஓடும். தொண்டையை ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் வைப்பது அவள் வழக்கம். அடுத்தது, இடது கை விஷயம் உண்மையா?

அவள் தலை குனிந்தாள். உண்மைதான். உச்சத்தில் பாடும்போது தொண்டையில் சுருக்கென்று வலிக்கும். அப்போது கை தானாகப் பின்னால் போகும். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். வலி பெரிதில்லை, தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை மச்சினி ஒரு பட்டியலோடு வந்தாள். முன்வரிசையில் பதினோரு பேர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆடுகிற ஒருவர், எல்லாப் பாட்டுக்கும் அழுகிற காவலாளி, தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற தபால்காரி. எவரைப் பற்றி எழுதும்போதும் அவளுக்குக் கை வரவில்லை என்பது எழுத்திலேயே தெரிந்தது. கடைசியில் இருந்தது அவள் பெயர்.

"என்னையும் சந்தேகப்படுங்க மாமா. அதுதானே நியாயம்?"

மெய்ப்புக்காரர் பட்டியலை மடித்து வைத்தார். நாளைக்கு ஷெட்டுக்குப் போகலாம், குழுவில் இருக்கிற மூன்று பேரையும் வரச் சொல் என்றார்.

சனிக்கிழமை முற்பகல். ஷெட்டில் ஒரு பக்கம் இன்ஜின் இல்லாத கார் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தரையில் எண்ணெய்க் கறை. சுவரோரமாகப் பழைய டயர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. அந்த டயர்களை ஒட்டி டிரம்ஸ்; பின்னால் ஓர் ஆள் நுழைய இடமில்லை. டிரம்ஸுக்கு முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், கூட்டம் நிற்கும் திசையைப் பார்த்தபடி. நடுவில் மைக். மைக்குக்கு வலது பக்கம், அதே வரிசையில், மெக்கானிக் நிற்கும் இடம்.

கீச்சு யாரையும் பார்க்காமல் நின்றாள். மெக்கானிக் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா, சலவை நிலையத்தில் பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள்; அவள்மீது சோப்பு வாசம் அடித்தது.

மெய்ப்புக்காரர் டிரம்ஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மச்சினிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மெக்கானிக்கைக் கிட்டாரை முழுச் சத்தத்தில் வாசிக்கச் சொன்னார், கீச்சுவை மைக்கில் எதையாவது பேசச் சொன்னார். நிறுத்திய பிறகு, அவள் என்ன பேசினாள் என்று இங்கே உட்கார்ந்த தனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை என்றார். குரல் முழுக்க முன்பக்கம் போய்விடுகிறது. திரும்பி வருவது கூட்டத்தின் சத்தம் மட்டும்தான்.

பிறகு குச்சியை எடுத்து, பாட்டின் முதல் அடியை 'தொம்' என்று அடித்துக்கொண்டே "இரும்பு" என்றார். இன்னொரு தடவையும் செய்தார்.

"கேட்டியாம்மா? 'இ' வர்ற இடத்துலதான் டிரம் விழுது. சத்தம் 'இ'யை முழுங்கிடுது, கேக்கறவங்க காது அங்க ஒரு 'தி'யைப் போட்டுக்குது. கூட்டத்து மேல தப்பில்ல. இந்தப் பிழையை அச்சடிச்சதே இந்த டிரம்தான்."

மச்சினி, அப்படியானால் தான் சொன்னதே சரி, எழுதியது கூட்டத்தில் ஒருவர்தானே என்று கேட்டாள்.

"பாதி சரி. எழுதினவங்களோட காது, கூட்டத்தோட காது. ஆனா கண்ணு? இடது கை முதுகுக்குப் பின்னாடி போய்ச் சட்டையைக் கசக்குது. நீ ஆறு வருஷமா முன்வரிசையில நிக்கிறே. ஒரு தடவையாவது அதைப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை என்று அவள் தலையசைத்தாள்.

"மெக்கானிக் வலது பக்கம் நிக்கிறார். அந்தக் கை அவருக்குத் தெரியாது. வார்த்தையும் அவருக்குச் சரியாத் தெரியும். கேக்கறது கூட்டம் கேக்கற மாதிரி, பார்க்கறது முதுகுக்குப் பின்னாடியிருந்து. இந்த ஷெட்டுல அப்படி ஒரே ஒரு இடம்தான் இருக்கு." அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அதுலதான் நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்."

கீச்சு மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். மறுக்க மாட்டாளா என்று காத்திருந்தாள். அக்கா மறுக்கவில்லை.

"நானும் மிரட்டல்னுதான் முதல்ல படிச்சேன்," என்றார் மெய்ப்புக்காரர். "அப்புறம் அந்த வெள்ளைத் துண்டு ஞாபகம் வந்துச்சு. அவ்வளவு கச்சிதமா இஸ்திரி போட்டுத் தர்றவங்க, துவைக்கும்போது அதுல என்ன பார்த்தாங்க? 'அதுவே உன் கடைசிப் பாட்டு'ங்கறது மிரட்டல் இல்ல. பயம்."

"ரத்தம்," என்றாள் அக்கா. "ரெண்டு மாசமா. முதல்ல பொட்டுப் பொட்டா இருந்துச்சு. டாக்டர்கிட்ட போலாம்னு எத்தனை தடவை சொன்னேன்? காதுலயே போட்டுக்கல. இன்னொரு தடவை சொன்னா வேற டிரம்மர் பார்த்துக்கறேன்னு சொன்னா. அம்மாவும் இப்படித்தான், தண்ணி குடிச்சா சரியாயிடும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கடைசி மாசம் எங்களைக் கூப்பிடக்கூட குரல் இல்லாம, கட்டிலைத் தட்டித்தான் கூப்பிட்டாங்க. பயந்தாலாவது நிறுத்துவான்னு நினைச்சேன்."

கீச்சு வெடித்தாள். மூன்று வாரமாக ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லை, உயிராக நினைத்தவர்களை எல்லாம் எதிரியாகப் பார்க்க வைத்துவிட்டாயே என்று கத்தினாள். கத்தல் பாதியிலேயே உடைந்து இருமலானது. துண்டை வாயில் அழுத்தினாள். எடுத்துப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்குமுன் மடித்தாள். ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"என்னை வெறுத்துட்டுப் போ," என்றாள் அக்கா. "ஆனா இரு. எனக்கு நீ இருக்கணும்."

மச்சினி ஏற்கெனவே கைபேசியை எடுத்திருந்தாள். அவள் மருத்துவமனையின் மாடியில்தான் தொண்டை டாக்டர் உட்காருகிறார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒருவரையும் வரிசை தாண்டி உள்ளே விடாதவள், அன்று நான்கு நோயாளிகளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

டாக்டர் மழுப்பவில்லை. குரல்நாணில் ஒரு கட்டி. புதன்கிழமை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதுவரை பாட்டு மட்டுமல்ல, பேச்சே கூடாது. பழைய குரல் வருமா என்று அக்கா கேட்டதற்கு, முதலில் அது என்ன கட்டி என்று தெரியட்டும் என்றார். இன்னும் இரண்டு மூன்று மாதம் இப்படியே கத்தியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது என்றும் சொன்னார். கீச்சு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் அது பாட்டுக்கு வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஷெட் நிறைந்துவிட்டது. கச்சேரியை ரத்து செய்யலாம் என்றார் மெக்கானிக். கீச்சு முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மெக்கானிக் மைக் முன்னால் வந்து, கீச்சுவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், இன்று வாத்தியம் மட்டும்தான், போகிறவர்கள் போகலாம் என்றார். ஒருவரும் நகரவில்லை. ஹெல்மெட்காரர், ஆறு வருடத்தில் முதல் தடவையாக, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

கீச்சு பின்னால் போய், காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து இருவரும் முகம் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற மெய்ப்புக்காரரிடம் கை நீட்டினாள். அவர் புரிந்துகொண்டு சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். அவள் பாட்டு நோட்டில் எதையோ எழுதி அக்கா பக்கம் திருப்பினாள்.

"குரல் திரும்பலைன்னா?"

அக்கா படித்தாள். நோட்டைக் கீச்சுவின் மடியிலேயே வைத்துவிட்டு, குச்சியை ஓங்கி முதல் அடியை அடித்தாள்.

"திரும்பு!" என்றது கூட்டம்.

அத்தனை தொண்டைகளும் ஒன்றாக. தகரக் கூரை அதிர்ந்தது. கீச்சுவின் குரல் இல்லாத இடத்தில் அவர்களே நின்று, வார்த்தை விடாமல், அதே பிழையோடு பாடினார்கள். அக்கா இத்தனை நாள் கேட்டது இதைத்தான் என்று கீச்சுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய இடது கை வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் போனது. அக்கா ஒரு கையால் அடித்துக்கொண்டே, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். தாளம் கொஞ்சம் தள்ளாடியது. யாரும் கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் கீச்சு நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். 'இரும்பு' என்று இருந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'திரும்பு' என்று எழுதினாள். மெய்ப்புக்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டி, ஒரு வரி விடாமல் சரிபார்த்தார். பேனாவை அவர் திருப்பிக் கேட்கவில்லை.