பசை படாத மவுத் ஆர்கன்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, என் பெட்டியில் ஒட்டிய பொருள்களை இழுத்துப் பார்க்க ஆய்வாளர் சங்கரவடிவு வருவார். தூத்துக்குடியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு நாங்கள் குடியேறிய மிதவை நகரத்தில் எல்லா வீட்டுக்கும் இந்தச் சோதனை உண்டு. இங்கே உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் பெரும் தட்டுப்பாடு. அன்றாடம் பயன்படாத பொருள் எல்லாம் பொருளுருக்கி என்ற உலைக்குள் போய், மிதவையின் தரைத்தகடாகிவிடும். பதிலுக்கு அந்தப் பொருளின் ஒளிப்பிம்பமாக ஒரு ஹோலோகிராம் தருவார்கள். தொட்டால் விரல் மறுபக்கம் போகும். எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் ஒன்றோடொன்று பிரியாமல் ஒட்டிய பொருளைப் பொருளுருக்கி ஏற்காது. அந்தச் சந்தில் புகுந்தவள் நான். விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் மரப்பெட்டியில் அறை அறையாகத் தடுத்து, காய்ந்த கடல்குதிரை, ரேடியோ வால்வு, மைக்ராஸ்கோப் லென்ஸ், மகளின் பால்பல் எல்லாவற்றையும் பசையிட்டு, பெயர்ச்சீட்டும் எழுதினேன். இன்று ஊரே என்னிடம் அதிசயப்பெட்டி செய்யக் கேட்கிறது. கலைஞராம் நான்!

அன்று வடிவு ஒவ்வொன்றாக இழுத்தார். கடைசி அறையில் இருந்த மவுத் ஆர்கன் கையோடு வந்துவிட்டது.

“என்னக்கா இது? ஊருக்கெல்லாம் ஒட்டுதிய, இதை விட்டுட்டியளே?”

“மறக்கல வடிவு. அவரு வாசிச்சது. பசை உள்ள போனா சத்தம் வராது.”

“நீங்க வாசிப்பியளா?”

“எனக்கு எங்க தெரியும்?”

அவர் சட்டப்படி அதைப் பையில் போட்டிருக்க வேண்டும். மேசையில் வைத்தார்.

“நான் மாடி வீட்டைப் பாத்துட்டு வாரேன். அரை மணி நேரம் ஆவும். திரும்பி வந்து இழுப்பேன்க்கா. அப்பவும் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

கதவு சாத்தியதும் அதை வாயில் வைத்து ஊதினேன். பாட்டு வரவில்லை. ஒரு சுரம், கரகரவென்று. என் கணவர் டேனியல் இருந்த காலத்தில், வாசிக்கத் தொடங்கும் முன் இப்படித்தான் ஒருமுறை ஊதிப் பார்ப்பார். நான் அழுதுகொண்டே பசைக்குழாயைத் திறந்தேன். துளை துளையாக அடைத்து, அதைப் பெட்டியின் கடைசி அறையில் ஒட்டினேன்.

வடிவு திரும்பி வந்து பலமாக இழுத்தார். வரவில்லை.

“சரியா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அவர் போன பிறகு நானும் இழுத்துப் பார்த்தேன்.