நாலாவது சிலிண்டர்

குளிர்காலம் முழுவதும் சமையலறை மேசையில் பிரித்துப் போட்டு, வெல்கோ தன் கையாலேயே திரும்பப் பூட்டிய என்ஜின் அது. சாவியைத் திருப்பியதும் ஓடத்தான் செய்தது. ஆனால் ஓட்டத்தின் நடுவே அவ்வப்போது ஓர் அடி விழாமல் போனது. அது விழாத ஒவ்வொரு முறையும், சுவருக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்த மகள் ரூஷாவின் பாட்டிலும் ஓர் எழுத்து காணாமல் போனது.

தற்செயல் என்றுதான் நினைத்தான். ரோடோப் மலையில் பனி கரையும் சாயங்காலம். பெட்ரோல் வாடையும், சூடேறும் இரும்பின் வாடையும், அடுப்பிலிருந்து வரும் பீன்ஸ் சூப்பின் புதினா மணமும் கொட்டகைக்குள் கலந்து கிடந்தன. மெக்கானிக்கிடம் போனால் ஊரே சிரிக்கும் என்று வீம்பு பிடித்த மனுஷன் அவன்.

"என்ன, கார் இருமுதா?" மனைவி தென்கா உள்ளேயிருந்து கத்தினாள். "என் மேசையெல்லாம் கிரீஸ் பூசினதுக்கு இருமலாவது வந்துச்சே!"

"சும்மா இரு. சத்தத்தக் கேக்க விடு."

எந்த சிலிண்டர் செத்தது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. என்ஜின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ, கோளாறு அங்கே. நாலாவதை இழுத்தான். மாற்றமில்லை. சந்தேகம் தீர, கையில் ரப்பர் உறையோடு முதல் ஒயரையும் இழுத்தான். என்ஜின் தள்ளாடியது. பாட்டு தாழ்ந்து, இழுபட்டு, ஜுரத்தில் கிடப்பவளின் முனகலாக மாறியது. சட்டென்று மாட்டினான். பாட்டு நிமிர்ந்தது.

இரண்டாவது. அதே முனகல்.

வெல்கோ அவசரமாக அதையும் மாட்டினான்.

"ரூஷா! என்னம்மா பண்ணுது?"

"நெஞ்சுல என்னமோ இடிக்குதுப்பா. அப்பா, ஜன்னல்ல வெச்ச என் நூல நீயா எடுத்த?"

"எந்த நூலு?"

"கொத்தனார் வெளாட்டு வெளாடினேன்ல? சுவத்துல என் நிழல அளந்து வெட்டினேனே, அது!"

என்ஜினின் இரண்டு பாதிகள் சேரும் விளிம்பில், எண்ணெய் கசியாமலிருக்கப் பசை தடவிய நூலை வைத்து இறுக்குவார்கள். பூட்டிய அன்று அவனிடம் நூல் தீர்ந்துபோயிருந்தது. ஜன்னலில் கிடந்ததை எடுத்துக்கொண்டான். அளவுகூடச் சரியாக இருந்தது.

ஊருக்குக் கீழே உள்ள பாலத்தைக் கட்டியபோது, கொத்தனார்கள் ஒருத்தியின் நிழலை நூலால் அளந்து கல்லுக்குள் வைத்துப் பூசினார்கள். பாலம் நின்றது. அவள் செத்தாள். இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை அங்கே கிடையாது. கேட்டுச் சிரித்தவன் வெல்கோ ஒருவன்தான்.

இப்போது பயந்தான்.

நூலை எடுக்க வேண்டும். எடுக்க என்ஜினைப் பிரிக்க வேண்டும். பிரிக்க அதை நிறுத்த வேண்டும்.

நிறுத்தினால்?

கேனிலிருந்த பெட்ரோலை டேங்கில் ஊற்றினான். அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. ஓடட்டும். வழி தெரியும்வரை ஓடட்டும். என்ஜின் இருந்த காரின் பின்பக்கம் போய் அதன்மேல் குனிந்தான். அடி விழுந்தது. விழுந்தது. விழவில்லை. விழுந்தது.

"வீடெல்லாம் ஒரே புகை! எங்களக் கொல்லப் பாக்குறியா?"

தென்கா. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே கை நீட்டினாள். தொடாதே என்று கத்த வாய் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

சாவி திரும்பியது.

அமைதி.

சமையலறை வாசலில் ரூஷா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் விளக்கு. கதவின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. அவளுடைய நிழலைக் காணோம்.

தென்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

குழந்தை வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன. சத்தமில்லை.

குரல் வெல்கோவின் கைக்குக் கீழிருந்து வந்தது. இரும்புக்குள்ளிருந்து.

"சுடுதுப்பா. கதவு எங்கப்பா இருக்கு?"