மாடிச் சுவரில் நான்கு மைக்

"பன்னெண்டு நாளா எம் புருசன் ஜெயில்ல இருக்காருங்க. நேத்து மத்தியானம் குன்றுல மறுபடியும் வெடிச்சிருச்சு. அப்ப அது யாரு?"

செம்மல் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டாள் ராசாத்தி. போலீஸ் வயர்லெஸ் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் செம்மல். நார்த்தாமலைப் பக்கம் அரசு காத்துவரும் குன்றைத் திருட்டுத்தனமாக வெடிவைத்து உடைப்பது யாரென்று ஊர்க்கூட்டத்தில் சொன்னதும் அவர்தான். குவாரி முதலாளி நாகராசு தானாகவே வந்து தன் வீட்டு மாடியைக் கொடுத்தார். அங்கே செம்மல் நான்கு மைக் வைத்து, வெடிச்சத்தம் எந்த மைக்குக்கு முந்தி, எதற்குப் பிந்தி வருகிறது என்று கணக்கிட்டு, வடகிழக்கு என்று அடித்துச் சொன்னார். குன்றின் வடகோடியில் இருந்தது ராசாத்தியின் கணவன், கிணறுகளுக்கு வெடிவைக்கும் வீரய்யாவின் கொல்லை. போலீஸ் அவனைப் பிடித்துப் போனது.

"சார், நேத்து வெடிச்சதும் வடகிழக்குன்னுதான் காட்டுது. வீரய்யாவுக்குக் கூட்டாளி இருக்கான்" என்றாள் இர்ஃபானா. இன்ஜினியரிங் முடித்துவிட்டு அவருக்கு உதவியாக இருப்பவள், எதிலும் அவசரம்.

"நாகராசு வீட்டு மாடிக்கு வாம்மா."

கிழக்கு மேற்காக ஓடிய கைப்பிடிச் சுவரின்மேல் நான்கு மைக்கும் வரிசையாக இருந்தன. செம்மல் இர்ஃபானாவைத் தென்கிழக்கே கண்மாய்க் கரைக்கு அனுப்பி ஒரு பட்டாசு கொளுத்தச் சொன்னார். கணினி வடகிழக்கு என்றது.

"மெஷின் கெட்டுப்போச்சா சார்?" மூச்சிரைக்க வந்து கேட்டாள்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. நாலும் ஒரே கோட்டுல இருக்கு. கோட்டுக்கு வடக்கேயிருந்து வந்தாலும், அதே சாய்வுல தெற்கேயிருந்து வந்தாலும் முந்துறதும் பிந்துறதும் மாறாது. எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியாது. வடக்குன்னு எழுதினது நான்."

ஒரு மைக்கை எடுத்து, சுவரைவிட்டுத் தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டிமேல் வைத்தார்கள். மூன்றாம் நாள் வெடித்தபோது தென்கிழக்கு என்று காட்டியது. குன்றின் தென்கோடியில், நாகராசுவின் குவாரியை ஒட்டி, புதிதாகத் துளைபோட்ட பாறையைப் போலீஸ் கண்டுபிடித்தது.

அதே கூட்டத்தைச் செம்மல் மறுபடியும் கூட்டி எல்லாவற்றையும் விளக்கினார்.

"அன்னைக்கு வடக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் நாகராசு.

"நாந்தான். வடக்கே வீரய்யா, தெற்கே நீங்க. மாடி குடுத்தீங்க, தினம் டீ குடுத்தீங்க. தெற்கே திரும்பிப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. வயர்லெஸ்ல இருந்த எனக்கு இந்தக் கோட்டு விஷயம் தெரியாததும் இல்ல. வெட்கமா இருக்கு."

மறுநாள் வீரய்யா வீடு திரும்பினான். மன்னிப்புக் கேட்கப் போன செம்மலை ராசாத்தி வாசலிலேயே நிறுத்தினாள்.

"நீங்க கூட்டத்துல சொல்லிட்டீங்க சார். நான் எங்கிட்டுப் போய்ச் சொல்றது? ரெண்டு தடவ ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தேன். ரெண்டு தடவையும் 'ஏன் செஞ்சீங்க'ன்னுதான் கேட்டேன். 'செஞ்சீங்களா'ன்னு கேக்கவே இல்ல."