நாலா மாடன் வீட்டுக்காரி

இரும்பு ஏணியில் ஏறி வந்த காலடிகள் இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தன. சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த முருகம்மாள் ஊசியை அப்படியே நிறுத்தினாள்.

அவள் புருஷன் சுடலைக்கண்ணன் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இடது கால் சூம்பிய மனுஷன். இருந்த காலத்தில் இந்த ஏணியில் டங்கென்று ஒரு காலும் சர்ரக்கென்று ஒரு காலுமாகத்தான் ஏறுவார். செத்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏறி வரும், வாசலோடு நின்றுவிடும். அவள் ஒருநாளும் பயந்ததில்லை, கதவை ஒருக்களித்துவிட்டு, "வந்துட்டீயளா?" என்பாள். டோம்பிவிலிக்குக் குடிபோன மகன் மாசத்துக்கு ஒரு போன் போட்டால் பெரிது. அந்தச் சத்தத்தை விட்டால் அவளைத் தேடி வர யார் இருக்கிறார்கள்?

இன்று டங். டங். இரண்டும் கனத்த கால், இரண்டும் நல்ல கால். வாசலுக்கு இரண்டு படி மிச்சம் இருக்கையில் நின்றது.

சந்தில் வேறு ஆள் அரவமே இல்லை. எல்லாரும் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். கீழ்வீட்டு விஜயலட்சுமி சாயங்காலமே வந்து கூப்பிட்டாள்.

"மதினி, இன்னுமா கெளம்பல? வில்லு கட்டியாச்சி. இன்னைக்கு மொத்தமும் அண்ணாச்சி கததான். நீங்க முன்னால உக்காரணும்லா?"

"முட்டு வலிக்கி விசயா. நீ போ."

"நல்ல ஆளு போங்க! மாடன் வீட்டுக்காரி வராம ஒரு கொடையா?"

மாடன். எல்லாம் அவள் வாயால் வந்த வினை. செத்த அன்று அடைமழையில் சுடலைக்கண்ணன் குடித்துவிட்டு வரும் வழியில் நாலாவுக்குள் விழுந்தார். மூடியில்லாத அந்தப் பெரிய சாக்கடை மறுநாள்தான் அவரைத் திருப்பிக் கொடுத்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் முந்தானைக்குள் சிரித்ததைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. "ஒரு புள்ள தண்ணில போச்சாம். தூக்கப் போயிருக்காவ" என்று சொல்லிவிட்டாள். சிரிப்பு நின்றது. யார் பிள்ளை, என்ன பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிச் செத்த உயிருக்குப் படையல் வைக்காமல் விடக்கூடாது என்று நாலா ஓரத்திலேயே பீடம் எழுப்பி, மாடன் என்று கும்பிட்டார்கள். அடுத்த ஆடியில் தெற்கே சொந்த ஊரிலிருந்து வந்த வில்லுப்பாட்டுக்காரர் வானமாமலை அதைக் கதையாகக் கட்டினார்.

வில்லில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்காரர் எதைச் சொன்னாலும் கூட இருப்பவர்கள் 'ஆமா' போடுவார்கள். முதல் வருஷம் இடுப்பளவு தண்ணீர், மறு வருஷம் பனையளவு. ஆமா. சூம்பிய கால் நிமிர்ந்தது. ஆமா. முடி முளைக்காத முகத்தில் மீசை வந்தது. ஆமா. பிறகு ஆட்டோ முதுகில் ஸ்டிக்கர், பையன்கள் பனியனில் படம், கணபதி ஊர்வலத்தில் டிஜே பாட்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த, தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகள் "நாலா மாடன் கீ ஜெய்" என்று ரீல்ஸ் போடுகிறார்கள். அந்தப் படத்தில் அவள் புருஷன் எங்கே? அவர் அவள் காதில் மட்டும்தான் மிச்சம் இருந்தார்.

ஒலிபெருக்கியில் வானமாமலையின் குரல் மழையோடு வந்தது.

"படியேறி வாரானே... மாடன் படியேறி வாரான்..."

"ஆமா!"

டங்.

"பத்தினியப் பாக்கவே... படியேறி வாரான்..."

"ஆமா!"

டங்.

முருகம்மாள் எழுந்து, இத்தனை வருஷம் அந்த நேரத்தில் போடாத தாழ்ப்பாளைப் போட்டாள். கதவிடுக்கு வழியாகச் சந்தனமும் சாம்பிராணியும் வாடிய பூவும் கலந்த வாசம் வந்தது. அதற்கு அடியில் சாக்கடைச் சேற்றின் நாற்றம். அவர் வேலை பார்த்த தோல் பட்டறையின் வாசம் இல்லை, சாராய வாசம் இல்லை. இடுக்கில் தெரிந்த சந்து விளக்கின் வெளிச்சம் கீழிருந்து மேல்வரை மறைந்தது. நிலைக்கு மேலே இருந்த இடைவெளியிலும் மறைந்தது.

"எம் புருசன் நொண்டி!" அவள் கதவைப் பார்த்துக் கத்தினாள். "குடிச்சிட்டு விழுந்து செத்தாரு. புள்ளையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் சொன்ன பொய்யி! நீ யாரு? போ!"

ஒலிபெருக்கி நின்றது. மழை மட்டும்.

அப்போது ஏணிக்குக் கீழே, வெகு மெல்ல, டங். சர்ரக்.

அவர்தான். வந்திருக்கிறார். ஏறத்தான் வழியில்லை. கொஞ்சநேரம் நின்றார். பிறகு அந்தச் சத்தம் திரும்பியது. சந்தின் கல்மேல் ஒரு கால், ஒரு இழுப்பு. ஒரு கால், ஒரு இழுப்பு. தூரம் போனது.

"ஏங்க! போயிராதீய! என்னைய ஒத்தையில விட்டுட்டுப் போயிராதீய!"

அழுதுகொண்டே தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

வாசல் நிறைய நின்றது அது. மீசையைப் பார்க்க அவள் அண்ணாந்தாள். கையில் ஒரு பிள்ளை. உடம்பெல்லாம் கறுப்புத் தண்ணீர் சொட்டியது. அது குனிந்து, பிள்ளையை அவளிடம் நீட்டியது. அவள் வாங்கவில்லை. ஆனாலும் பிள்ளை இடுப்புக்கு வந்துவிட்டது. ஐஸ் மாதிரி.

பிள்ளை தலையைத் திருப்பியது.

கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. அவள் அதற்கு முகம் சொல்லவே இல்லையே. பிசைந்து வைத்த மாவு போல வழவழவென்றிருந்த அந்த இடத்தை அவள் கழுத்தில் புதைத்து, இரண்டு கைகளாலும் பிள்ளை அவளை இறுகக் கட்டிக்கொண்டது.